ஊறறிய ஊறேற்ற மருத்துவர்

உயிர்களை அவற்றின் அறிவு நோக்கி ஆறு வகையாகப் பகுத்த தொல்காப்பியர், தொடுவுணர்ச்சியையே முதலறிவாக வைத்தார். புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள ஓரறிவு மெய்யால் அறியும் அறிவு. நாவும் மூக்கும் கண்ணும் செவியும் அதன் பின்னரே ஒன்றன்மேலொன்றாக வந்து சேர்கின்றன. மெய் என்னும் சொல் நம் மொழியில் உடம்பையும் உண்மையையும் ஒருங்கே குறிப்பதும் சிந்திக்கத்தக்கது. கண்ணாற் கண்டதிலும் ஐயம் எழுமாயின் நாம் கையை நீட்டித் தொட்டுப் பார்க்கிறோம். தொட்ட பின்னர் ஐயம் நீங்குகிறது.

தொடுவுணர்ச்சிக்குத் தமிழில் ஊறு என்றொரு பெயர் உண்டு. உறுதல் என்பதினின்றும் பிறந்த சொல் அது. அதே சொல் துன்பத்தையும் காயத்தையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் மாணவர்க்கு விரித்துரைக்கும்போதெல்லாம் என் நெஞ்சில் ஓர் ஆங்கில மருத்துவரின் வரலாறு எழுவதுண்டு. தொடுவுணர்ச்சியாகிய ஊற்றை அறிதற்பொருட்டுத் தம் கையிலே காயமாகிய ஊற்றை விரும்பி ஏற்றவர் அவர். பெயர் ஹென்றி ஹெட். இலக்கிய ஏட்டில் ஒரு நரம்பு வைத்தியருக்கு என்ன இடம் என்று வினவுவார் இருக்கலாம். அவர் கவிதை நூலொன்றும் வெளியிட்டவர் என்பதை விடையாகச் சொல்லலாம். ஆயினும் அதனினும் தக்க விடை வேறொன்று உண்டு. ஒருவன் தன் உள்ளுணர்வைச் சொல்லாலே பிறர்க்கு எவ்வளவு மெய்யாக உணர்த்த முடியும் என்ற வினாவே இலக்கியத்தின் அடிப்படை வினா. அவ்வினாவைத் தம் கைத்தோலிலே வைத்து ஆராய்ந்தவர் இவர்.

பிறப்பும் கல்வியும்

ஹென்றி ஹெட் 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 4ஆந் திகதி இலண்டன் நகரின் வடபாலுள்ள ஸ்ரோக் நியூவிங்ரன் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் காப்புறுதித் தொழில் செய்தவர். குடும்பம் குவேக்கர் மரபைச் சார்ந்தது. சாட்டர்ஹவுஸ் பாடசாலையிற் கற்றபின் கேம்பிறிஜ் பல்கலைக்கழகத்து திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்து இயற்கை விஞ்ஞானத்திலே முதல் வகுப்பிற் சித்தியெய்தினார்.

அக்காலத்தில் உடற்றொழிலியலைத் துறைபோகக் கற்க விரும்பியோர் ஜேர்மன் மொழி வழங்கும் பல்கலைக்கழகங்களை நாடினர். ஹெட்டும் பிராக் நகர் சென்று, புகழ்பெற்ற ஹெறிங் என்னும் பேராசிரியரிடம் தங்கி, மூச்சு வாங்கலையும் விடுதலையும் நரம்புகள் எவ்வாறு ஆள்கின்றன என்பதை ஆராய்ந்தார். பின்னர் இலண்டன் திரும்பி மருத்துவப் பட்டம் பெற்றார். 1896இல் இலண்டன் மருத்துவமனையிலே மருத்துவராயினார். நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள அம்மருத்துவமனைக்குத் துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் நாள்தோறும் காயங்களோடு வந்தனர். அங்கேதான் அவரது வாழ்நாள் வினா உருப்பெற்றது.

நோவின் இடமும் நோயின் இடமும்

அவருடைய முதல் ஆராய்ச்சி நோவைப் பற்றியது. உள்ளுறுப்பொன்று நோயுறும்போது நோயாளி அவ்வுறுப்பைச் சுட்டிக்காட்டுவதில்லை. இருதயம் நோயுற்றவர் இடது கையின் உட்புறம் நோகிறது என்பார். பித்தப்பை நோயுற்றவர் வலத்தோளைக் காட்டுவார். இவ்வாறு தோலிலே நோவு தோன்றும் பகுதிகளை ஹெட் நூற்றுக்கணக்கான நோயாளரிடத்து வரைந்து பார்த்து, 1893இல் வெளியிட்டார். மருத்துவர் அவற்றை இன்றும் ஹெட்டின் வலயங்கள் என வழங்குவர்.

இதன் காரணம் நரம்புகளின் அமைப்பிலே உள்ளது. இருதயத்திலிருந்து வரும் நரம்புகளும் கையின் உட்புறத் தோலிலிருந்து வரும் நரம்புகளும் முண்ணாணின் ஒரே பகுதியிற் புகுகின்றன. இரண்டு ஊர்க் கடிதங்கள் ஒரே உபதபாற் கந்தோர் முத்திரையோடு வருமாயின், பெறுபவர் தமக்குப் பழக்கமான ஊரிலிருந்தே வந்ததாக எண்ணுவார் அல்லவா? தோலிலிருந்து ஓயாது செய்தி பெற்றுப் பழகிய மூளையும், இருதயத்தின் செய்தியைக் கையின் செய்தியாகக் கொள்கிறது.

அடுத்து அவர் அக்கி நோயை ஆராய்ந்தார். முதுகெலும்பின் பக்கத்தே ஒவ்வொரு புலன் நரம்புக்கும் ஒரு சிறு முடிச்சு உண்டு. அதனைத் திரட்டு என்பர். அக்கி நோயில் இத்திரட்டு அழற்சியுறுகிறது என்பதையும், அந்நரம்பு பரவும் தோற்பட்டையிலேயே கொப்புளங்கள் வரிசையாக எழுகின்றன என்பதையும், 1900இல் கம்பெல் என்பாரோடு சேர்ந்து நிறுவினார். உடம்பின் எந்தத் தோற்பகுதி எந்த நரம்புக்கு உரியது என்ற நிலப்படம் இவ்வாறு நோயின் கையெழுத்திலிருந்தே வரையப்பட்டது. இதற்கு முன்னரே, 1899இல், றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியிருந்தது.

தம் கையைத் தந்தமை

மருத்துவமனையிலே வெட்டுக்காயத்தால் நரம்பு அறுந்தவர் பலரை ஹெட் கண்டார். அறுந்த நரம்பைத் தைத்துவிட்டால் உணர்ச்சி மெல்ல மீளும். ஆனால் ஒருங்கே மீள்வதில்லை. முதலில் ஒரு வகை உணர்ச்சியும் நெடுங்காலஞ் சென்று மற்றொரு வகையும் வருவதாக அவருக்குத் தோன்றிற்று. இதனை நுணுகி அறிய நோயாளரை வினவினார். அவர்களோ நாள்முழுதும் உழைத்து அலுத்தவர்கள். உணர்ந்தேன், உணரவில்லை என்பதற்கு மேல் அவர்களாற் சொல்ல இயலவில்லை. ஊசி குத்தும்போது உண்டான உணர்ச்சி எத்தகையது, எங்கே பரவிற்று, எப்போது ஓய்ந்தது என்று பிரித்துரைத்தல் பயிற்சி பெற்ற உள்ளத்துக்கே இயலும். நோயாளரை மணிக்கணக்கில் இருத்தி வருத்துதலும் முறையன்று.

ஆகவே ஹெட் தம்மையே நோயாளியாக்கத் துணிந்தார். 1903ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 25ஆந் திகதி, அவரது நாற்பத்திரண்டாம் வயதில், சத்திர வைத்தியர் ஜேம்ஸ் ஷெறன் அவருடைய இடது முழங்கையருகே தோலைக் கீறி, முன்னங்கையின் பெருவிரற் பக்கத்துக்கும் புறங்கைக்கும் உணர்ச்சி தரும் இரண்டு தோல் நரம்புகளை அறுத்தார். ஒவ்வொன்றிலும் சிறு துண்டு அகற்றப்பட்டது. அறுந்த முனைகளைப் பட்டு நூலால் இணைத்துக் காயத்தை மூடினார். மருத்துவர் தம் கையின் உணர்ச்சியையே தொழிற் கருவியாகக் கொண்டவர். நாடி பிடித்தறியவும் வயிற்றைத் தடவி அறியவும் வேண்டிய கையை, மீளுமோ மீளாதோ என்பது நிச்சயமில்லாத நிலையில், அவர் கத்திக்குக் கொடுத்தார்.

இதில் அவர்க்குத் துணைநின்றவர் றிவர்ஸ் என்னும் அறிஞர். உளவியலிலும் மானிடவியலிலும் வல்லவராகிய அவர் தமிழ் நிலத்துக்கும் அந்நியரல்லர். 1901 முதல் 1902 வரை நீலகிரியிலே தோடரிடையே தங்கி, அவர்தம் குல ஒழுக்கங்களைத் தொகுத்ததோடு, புலனுணர்ச்சிகளையும் அளந்து பார்த்தவர். தோடரைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1906இல் வெளிவந்தது. நீலகிரியில் அம்மக்களின் புலன்களை அளந்த அதே கைகள், பின்னர்க் கேம்பிறிஜ் நகரிலே நண்பரின் புறங்கையை அளக்கத் தொடங்கின.

அறையில் நடந்தவை

கேம்பிறிஜ் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியில் றிவர்ஸ் குடியிருந்த அறைகளே ஆய்வுகூடமாயின. ஹெட் இலண்டனில் வாரம் முழுதும் நோயாளரைக் கவனித்துவிட்டு, ஓய்வு நாட்களில் அங்கே செல்வார். பயணக் களைப்பு நீங்கிய பின்னரே சோதனை தொடங்கும். சோதனை நாட்களில் அவர் மது அருந்துவதில்லை. கண்களை மூடிக்கொண்டு கையை நீட்டி அமர்ந்திருப்பார். றிவர்ஸ் பஞ்சினால் தடவுவார், ஊசியாற் குத்துவார், பல தடிப்புள்ள மயிர்களைத் தோலில் அழுத்துவார், கவராயத்தின் இரு முனைகளை ஒருங்கே வைத்து, ஒன்றா இரண்டா என அறியச் செய்வார், குளிர்நீரும் வெந்நீரும் நிறைந்த குழாய்களைத் தொடுவிப்பார். ஹெட் தாம் உணர்ந்ததைச் சொல்லுவார், றிவர்ஸ் எழுதிக்கொள்வார்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கண்ணாடிப் பாத்திரத்திற் பனிக்கட்டி மோதும் ஓசையும், அடுப்பிலிருந்து கேத்தலைத் தூக்கும் ஓசையும், அடுத்து வருவது குளிரா சூடா என்பதை முன்னரே உணர்த்திவிடுவதை இருவரும் கண்டனர். செவி மெய்யை ஏமாற்றலாகாது என்பதற்காக, எல்லாப் பாத்திரங்களையும் முன்கூட்டியே கையெட்டும் தூரத்தில் ஓசையின்றி எடுக்கத்தக்கதாக றிவர்ஸ் வரிசைப்படுத்தி வைத்தார். சோதனை நடக்கையிற் கேள்வி கேட்பதையும் தவிர்த்தார். ஏனெனில் கேள்வியே பாதி விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இதை நன்கறிவோம். மாணவனின் முகத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வியும், நம் முகத்தைப் பார்த்து மாணவன் சொல்லும் விடையும் எத்துணை தூரம் நம்பத்தக்கன? நான்கு ஆண்டுகளுக்கு மேலாக, 1907ஆம் ஆண்டு டிசெம்பர் வரை, நூற்றறுபத்தேழு நாட்கள் இச்சோதனை நடைபெற்றது.

கண்ட முடிபு

நரம்பு அறுந்த உடனே, முன்னங்கையின் ஒரு பாதியும் புறங்கையும் பஞ்சையும் ஊசியையும் குளிரையும் சூட்டையும் உணராது போயின. ஆயினும் விரலாலோ பென்சில் முனையாலோ சற்றே அழுத்தினால் ஹெட் உணர்ந்தார். அழுத்திய இடத்தையும் சரியாகக் காட்டினார். தோல் இறந்தது போலிருந்தும் அதன் கீழே உணர்ச்சி வாழ்ந்தது. தசைக்கும் தசைநாணுக்கும் செல்லும் நரம்புகளே ஆழமான அழுத்தத்தைக் கொண்டு செல்கின்றன என்பது இதனாற் புலனாயிற்று.

சில வாரங்கள் கழிந்த பின் முதல் மீட்சி தொடங்கிற்று. ஊசி குத்தினால் நோவு தோன்றிற்று. ஆனால் அது இயல்பான நோவன்று. குத்திய இடத்தில் நில்லாமல் பரந்து விரிந்தது. முன்னங்கையிற் குத்தினால் பெருவிரலில் உணரப்பட்டது. காரணத்துக்கு மிஞ்சிய துன்பந் தந்தது. மிகுந்த குளிரும் மிகுந்த சூடும் தெரிந்தன. இடைப்பட்ட இளஞ்சூடு தெரியவில்லை. அளவும் இடமும் அறியாத, உரத்துக் கூவமட்டுந் தெரிந்த உணர்ச்சி அது. மென்மையான தீண்டலை அறிதலும், இரு முனைகளைப் பகுத்தறிதலும், இளஞ்சூட்டை உணர்தலும் ஓராண்டுக்கு மேற் சென்ற பின்னரே புறங்கைக்கு மெல்ல மெல்ல மீண்டன. அவை மீண்டபோது முன்னைய கட்டற்ற நோவு அடங்கி ஒழுங்குற்றது.

இதிலிருந்து ஹெட் ஒரு கோட்பாட்டை வகுத்தார். தோலுணர்ச்சி இருவகை நரம்புத் தொகுதிகளால் ஆனது. ஒன்று பழமையானது, கரடானது. அதனைப் புரோட்டோபதிக் என்றார். மற்றொன்று பின்தோன்றியது, நுணுகிப் பகுத்தறிவது. அதனை எபிகிரிட்டிக் என்றார். பின்னது முன்னதை அடக்கி ஆள்கிறது என்பது அவர் துணிபு. இருவரும் சேர்ந்தெழுதிய ஆராய்ச்சி 1908இல் பிரெயின் என்னும் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் றோயல் சங்கம் ஹெட்டுக்கு றோயல் பதக்கம் வழங்கிற்று.

இன்று அறியப்படும் வழி

இக்கோட்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. திறொட்டர், டேவிஸ் என்னும் இருவர் தம் உடம்பிலே ஏழு நரம்புகளை அறுத்துச் சோதித்து, 1909இல் தம் முடிவை வெளியிட்டனர். உணர்ச்சி இரண்டு தனிப்படிகளாக மீள்வதை அவர்கள் காணவில்லை. அமெரிக்காவில் போறிங் என்பாரும் 1916இல் தம் கையிற் செய்த சோதனையில் அதே ஐயத்தை எழுப்பினார். நரம்பு நார்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வேகத்திலேயே மீண்டும் வளர்கின்றன. வளர்ச்சி முற்றுப்பெறாத காலத்துத் தோலில் நார்கள் அருகியிருப்பதே உணர்ச்சி திரிந்து தோன்றுவதற்குக் காரணமாகலாம் எனப் பின்வந்தோர் கருதினர். காட்டு விலங்குக்குரிய கீழுணர்ச்சி, நாகரிக மனிதனுக்குரிய மேலுணர்ச்சி என்று எதனையும் இரண்டு தட்டாகப் பிரிக்கும் அக்கால மனப்பாங்கும் ஹெட்டின் கோட்பாட்டில் நிழலிட்டிருந்தது என்பது என் கருத்து.

அவ்வாறாயின் தொடுவுணர்ச்சி மூளையை அடையும் வழிதான் யாது? பழைய ஓலைச் சுவடி ஒன்றின் மேல் விரலை மெல்ல ஓட்டுகிறோம் எனக் கொள்வோம். எழுத்தாணி கீறிய பள்ளத்தைத் தோல் உணர்கிறது. தோலினுள்ளே வாங்கிகள் எனப்படும் நுண்ணிய உறுப்புகள் நால்வகையாக உள்ளன. மேர்க்கெல் வாங்கி விளிம்பையும் வடிவத்தையும் அறியும். மைசனர் வாங்கி மெல்லிய வழுக்கலையும் அசைவையும் அறியும். ஆழத்திலுள்ள பசினி வாங்கி அதிர்வை அறியும். றுபினி வாங்கி தோல் இழுபடுவதை அறியும். வாங்கி அழுந்தும்போது அங்குள்ள நரம்பு நுனியின் மென்சவ்விலே நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. மின்னேற்றமுள்ள துணிக்கைகள் உட்புகுகின்றன. அதனால் மின் கணத்தாக்கம் ஒன்று பிறந்து நரம்பு வழியே ஓடுகிறது. அவ்வாயில்களுள் முதன்மையான பீசோ 2 என்னும் புரதத்தை 2010இல் கண்டறிந்த குழுவின் தலைவர் ஆடெம் பட்டபூட்டியன், 2021ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பங்கிட்டுப் பெற்றார். பிறவியிலேயே அப்புரதம் பழுதுற்றவர்கள், கண்ணை மூடினால் தம் கைகால் எங்கே இருக்கிறதென்பதையே அறியமாட்டார் என்பதும் அறியப்பட்டுள்ளது.

கணத்தாக்கங்கள் எல்லாம் அளவால் ஒத்தவை. மெல்லத் தீண்டினாலும் அழுத்தித் தீண்டினாலும் ஒவ்வொன்றின் உருவமும் ஒன்றே, எண்ணிக்கைதான் வேறு. மெல்லத் தீண்டினால் இடைவிட்டு வரும்; அழுத்தினால் அடுத்தடுத்து விரையும். மத்தளத்திலே ஓசையைக் கூட்டாமல் அடியை மட்டும் விரைவாக்கினாற் போன்றது இது. இவ்வுண்மையைத் தனி நரம்பு நாரிலே 1926இல் காட்டியவர் கேம்பிறிஜ் அறிஞர் ஏட்றியனும் அவரோடு உழைத்த சொட்டர்மனும் ஆவர். ஏட்றியன் 1932இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தீண்டலைக் கொண்டு செல்லும் நார்கள் தடித்தவை, கொழுப்புறையால் மூடப்பட்டவை. செய்தி அவற்றிலே விநாடிக்கு ஏறத்தாழ 35 முதல் 75 மீற்றர் வரை ஓடும். விரல் நுனியிலிருந்து முண்ணாணை அடைய ஐம்பதில் ஒரு விநாடியளவே வேண்டும். நோவையும் சூட்டையும் கொண்டு செல்வன மெல்லிய நார்கள். அவற்றுள்ளும் உறையற்றவை மிக மந்தமானவை. விநாடிக்கு ஒரு மீற்றர் அளவிலேயே செல்வன. படியிற் கால்விரல் மோதும்போது முதலில் மோதியதை அறிந்து, கூர்மையான நோவை உடனே உணர்ந்து, ஒரு கணம் கழித்தே எரிவான நோவு எழுவதை யாவரும் அனுபவித்திருப்போம். அந்த இடைவெளி நார்களின் வேக வேறுபாட்டால் வருவது. ஹெட் கண்ட இருவகைப் பாகுபாடு அவர் சொன்ன வடிவில் நிலைக்கவில்லை. எனினும் நுண்ணிய தீண்டலுக்கு ஒரு வழியும் நோவுக்கும் வெப்ப தட்பத்துக்கும் வேறு வழியும் உண்டென்பது உண்மையாயிற்று.

வழிகளின் போக்கும் வியப்புக்குரியது. புலன் நரம்புக் கலத்தின் உடல் முதுகெலும்பருகே உள்ள திரட்டில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கிளை தோலுக்கும் மற்றொரு கிளை முண்ணாணுக்கும் செல்லும். தீண்டலின் நார் முண்ணாணின் பின்பக்கமாக ஏறி மூளையின் அடித்தண்டை அடைந்தே முதல் அஞ்சலை மாற்றுகிறது. கால்விரலிலிருந்து புறப்படும் கலம் ஒன்று இவ்வாறு ஓர் ஆளின் உயரத்தளவு நீண்டிருக்கும். அடித்தண்டில் செய்தியை ஏற்ற இரண்டாவது கலம், இடப்பக்கத்ததாயின் வலப்பக்கத்துக்கும் வலப்பக்கத்ததாயின் இடப்பக்கத்துக்கும் குறுக்கே கடக்கிறது. நோவின் செய்தியோ முண்ணாணிற் புகுந்த சிறிது தூரத்திலேயே மறுபக்கம் கடந்துவிடும். இரண்டும் பரிவகம் என்னும் மூளைப் பகுதியிற் சென்று, மூன்றாவது கலத்தின் வழியாக மூளைய மேற்பட்டையை அடைகின்றன. அங்கே உடம்பு முழுவதற்கும் ஒரு நிலப்படம் உண்டு. அதிலே முதுகுக்கும் வயிற்றுக்கும் கிடைத்த இடம் சிறிது. விரல்களுக்கும் உதட்டுக்கும் கிடைத்த இடம் மிகப் பெரிது.

இம்மேற்பட்டையைப் பற்றிய ஆராய்ச்சியிலும் ஹெட்டின் தடம் பதிந்துள்ளது. கோர்டன் ஹோம்ஸ் என்பாரோடு 1911இல் வெளியிட்ட ஆய்விலே, மூளையில் ஊறுபட்டவர்கள் தொடுவுணர்ச்சியை எவ்வாறு இழக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தார். உடம்பின் நிலையைப் பற்றிய ஓர் உருவத்தை மூளை ஓயாது வரைந்து திருத்திக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் கண்ட அரிய கருத்து. நாம் கையாளும் பொருளும் அவ்வுருவத்திற் சேரும். அக்காலத்துப் பெண்மணி ஒருத்தி தன் தொப்பியின் இறகு நுனி வரையும் தன் உடம்பாக உணர்கிறாள் என்பது அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு. தலையிலே குடம் சுமப்பவள் வாசற்படியிற் குடத்தளவு குனிவதை நம்மூரிற் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இறுதிக் காலம்

சத்திர சிகிச்சைக்கு அடுத்த ஆண்டிலே, 1904இல், ஹெட் றூத் மேகியூ என்னும் கல்விமானை மணந்தார். ஆசிரியையாக விளங்கிய அவர் எழுத்தாற்றலும் உடையவர். கணவனும் மனைவியும் இலக்கியத்திலே தோய்ந்தவர்கள். முதலாவது உலகப் போரிலே தலையிற் குண்டு பாய்ந்த இளஞ் சிப்பாய்கள் சொல்லிழந்து தவிப்பதைக் கண்ட ஹெட், அவர்களிடத்து நெடுநேரம் இருந்து, மொழி எவ்வாறு சிதைகிறது என்பதை ஆராய்ந்தார். போர்க் காலத்தை ஒட்டிய அவரது கவிதைகள் 1919இல் நூலாயின. நரம்பாராய்ச்சிகள் 1920இல் இரண்டு தொகுதிகளாகவும், சொல்லிழப்பைப் பற்றிய பெருநூல் 1926இலும் வெளிவந்தன. 1927இல் சேர் பட்டம் பெற்றார். றிவர்ஸ் 1922இலேயே எதிர்பாராது இறந்துவிட்டார்.

அவ்வாண்டுகளில் ஹெட்டின் உடம்பிலே பார்க்கின்சன் நோய் வேரூன்றிவிட்டது. கை நடுங்கிற்று, நடை தளர்ந்தது, தொழிலை விட்டு நாட்டுப்புறத்துக்கு ஒதுங்க நேர்ந்தது. நரம்பைப் பற்றி அக்காலத்தில் அவரளவு அறிந்தவர் சிலரே. அவரையே நரம்பு நோய் பற்றிற்று. அந்நோயின் ஒவ்வொரு படியையும் பெயரிட்டு அறியக்கூடிய அறிவு அதைத் தடுக்க உதவவில்லை. கத்தியால் வந்த ஊற்றை அவர் தாமே தெரிந்தெடுத்தார். இதுவோ தெரிந்தெடாமல் வந்தது. முன்னது நான்காண்டில் ஆறிற்று. பின்னது ஏறத்தாழ இருபதாண்டு வளர்ந்தது. மனைவியார் அருகிருந்து பேணினார். அவர் 1939இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, 1940 ஒக்ரோபர் 8ஆந் திகதி, றெடிங் நகரில் ஹெட்டும் உயிர் நீத்தார். தம் செல்வத்தின் பெரும்பகுதியை மருத்துவ விஞ்ஞானம் வளர்தற்பொருட்டு றோயல் சங்கத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

கோட்பாடு வீழ்ந்தபின் அக்கோட்பாட்டுக்காகப் பட்ட பாடும் வீணன்றோ எனச் சிலர் நினைக்கக்கூடும். நான் அவ்வாறு நினையேன். ஹெட் எழுதிய முடிவுரை திருத்தப்பட்டது. அவர் எழுதிய குறிப்பு அப்படியே நிற்கிறது. எந்த நாளில், எந்த இடத்தில், எதனால் தீண்டியபோது, எதை உணர்ந்தார் என்ற பதிவு, அவரை மறுத்தவர்க்கும் பயன்பட்டது. பிறரது நோவைப் பற்றிப் பேசுவோர் எக்காலத்தும் பலர். அந்நோவைத் தாமும் ஏற்று, அதனைக் கூட்டாமலும் குறையாமலும் சொல்லுதற்குச் சொல் தேடியவர் மிகச் சிலர். மருத்துவராயினும் புலவராயினும், அச்சிலரது வரிசையிலேயே ஹென்றி ஹெட்டை வைத்தெண்ண வேண்டும்.